சான் அன்டோனியோ ஃபியெஸ்டா: வயதான பெற்றோர், 6 வயதுக் குழந்தை. எந்த ஊர்வலம், எங்கே உட்காருவது?

கொத்தமல்லிக்கட்டு (கேள்வி)

வணக்கம். டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டினில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள், மே வரை இங்கேதான். சான் அன்டோனியோவில் நடக்கும் ஃபியெஸ்டா என்ற ஊர்விழாவுக்கு அவர்களை அழைத்துப் போகலாம் என்று எண்ணம். நிகழ்ச்சிப் பட்டியலைத் திறந்தால் தலை சுற்றுகிறது. பதினோரு நாள், நூறு நிகழ்ச்சிக்கு மேல், ஊர்வலமே நாலைந்து.

அப்பாவுக்கு 71. நடப்பார், வெயில் தாங்க மாட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. இருவரும் சைவம், முட்டையும் கிடையாது. மகளுக்கு 6 வயது. எங்களால் ஒரு நாள் ஒதுக்க முடியும், மிஞ்சினால் ஒன்றரை நாள்.

எந்த ஊர்வலம்? டிக்கெட் வாங்கணுமா, தெருவோரம் நின்றால் போதுமா? கார் எங்கே விடுவது? சாப்பாட்டுக்கு என்ன வழி? இதெல்லாம் தர்ம காரியத்துக்கான விழா என்கிறார்களே, நாம் கொடுக்கும் காசு உண்மையில் யாருக்குப் போகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மஞ்சப்பை

ஒரு நாள்தான் என்றால் வெள்ளிக்கிழமைப் பகலில் போகும் பேட்டில் ஆஃப் ஃபிளவர்ஸ் (பூக்களின் போர்) ஊர்வலம். உங்கள் குடும்பத்துக்கு அதுதான் சரி.

இந்த விழா முழுவதற்கும் தாய் அதுதான். 1891-ல் அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் ஊருக்கு வருகிறார் என்று ஏற்பாடு செய்தார்கள். அவர் வந்த அன்று மழை. நாலு நாள் கழித்து, அலமோ கோட்டை முன்பு, அலங்கரித்த வண்டிகளில் வந்த பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் பூவை வீசிக்கொண்டார்கள். பெயரில் உள்ள ‘போர்’ அதுதான். டெக்சாஸ் மெக்சிகோவிடமிருந்து விடுதலை பெற்ற, 1836 ஏப்ரல் 21 அன்று நடந்த சான் ஹசிந்தோ சண்டையின் நினைவாக வைத்த விழா என்பதால் ஏப்ரலில் வருகிறது. ஈஸ்டர் பக்கத்தில் வந்தால் தள்ளிப் போகும். 2025-ல் ஈஸ்டர் ஏப்ரல் 20, அதனால் ஃபியெஸ்டா ஏப்ரல் 24-ல் தொடங்கி மே 4-ல் முடிந்தது. ஆகவே ‘போன வருஷத் தேதி’யை நம்பி லீவு போடாதீர்கள்.

ஊர்வலத்தை நடத்துவது முழுக்கப் பெண்களே உள்ள தன்னார்வ அமைப்பு. மஞ்சள் உடையில் பாதையோரம் நிற்பார்கள். சந்தேகம் எதுவானாலும் அவர்களைக் கேட்கலாம்.

மற்றவை ஏன் வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன்.

திங்கள் மாலை ஆற்று ஊர்வலம். 1941-லிருந்து டெக்சாஸ் கவலியர்ஸ் அமைப்பு நடத்துகிறது. படகு மேல் அலங்காரம், பார்க்க அழகு. ஆனால் ரிவர் வாக் (ஆற்றோர நடைபாதை) தெருமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. இறங்கவும் ஏறவும் பெரும்பாலும் படிதான். தண்ணீர் ஓரத்தில் பெரும்பாலான இடத்தில் கைப்பிடிக் கம்பியும் கிடையாது. அம்மாவின் முழங்கால், 6 வயதுக் குழந்தை இரண்டுக்கும் ஒத்துவராது.

சனிக்கிழமை இரவு ஃபியெஸ்டா ஃபிளாம்போ. 1948-ல் தொடங்கியது. வருகிற வண்டி, பேண்ட், நடப்பவர் எல்லாவற்றிலும் விளக்கு இருக்கணும் என்பது விதி. கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் முடிய இரவு பத்தைத் தாண்டும். அதற்கு மேல் ஐ-35-ல் 80 மைல் ஓட்டணும்.

அதே சனிக்கிழமைக் காலையில் கிங் வில்லியம் பேட்டையில் சின்ன ஊர்வலமும் சந்தையும் உண்டு. பழைய வீடுகள், மர நிழல், கேலியும் கிண்டலுமான வேடங்கள். பெரிய ஊர்வலம் பிடிக்காதவர்களுக்கு இது நல்லது. ஒரே நாளில் இதையும் ஃபிளாம்போவையும் சேர்த்துப் போட்டால் பெரியவர்கள் சாயந்திரத்துக்குள் சுருண்டுவிடுவார்கள்.

---

ராத்திரிரயில்

மஞ்சப்பை அண்ணனோடு பாதி ஒத்துப்போகிறேன். அப்பாவுக்கு வெயில் ஆகாது என்கிறார்கள், நீங்கள் பகல் ஊர்வலத்துக்கு அனுப்புகிறீர்கள். ஏப்ரல் கடைசியில் அந்த ஊர் 30 டிகிரியைச் சுலபமாகத் தொடும், கூடவே புழுக்கம். ஓர் இரவு அங்கே தங்க முடியுமானால் ஃபிளாம்போதான் பெரியவர்களுக்குச் சுகம். சூரியன் எட்டு மணி சுமாருக்கு மறையும், பிறகு காற்று. குறை ஒன்றுதான்: இரவுக் கூட்டத்தில் குடித்தவர்கள் அதிகம். காசு கொடுத்து உட்காரும் நாற்காலி வரிசையில் அந்தத் தொல்லை குறைவு.

---

நிழற்குடை

வெயில் பிரச்சினைக்குப் பகலிலேயே வழி இருக்கிறது. தெருவின் எந்தப் பக்கம் உட்காருகிறோம் என்பதுதான் விஷயம். டிக்கெட் வாங்கும்போது பலரும் கோட்டை விடுவது இதில்தான்.

அங்கே அந்தச் சமயத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒன்றரை மணிக்கு. (கோடைக்காலக் கடிகார மாற்றம், கூடவே ஊர் அந்த நேர மண்டலத்தில் மேற்கே தள்ளி இருப்பது. இரண்டும் சேர்ந்து இப்படி.) ஆக ஊர்வலம் போகும் நேரம் முழுக்க சூரியன் கிழக்கே நிற்கும். பாதை வடக்கு-தெற்காகப் போகும் தெருவில், கிழக்கு ஓரத்தில் கட்டடத்தை ஒட்டி இடம் வாங்கினால் முதுகுப் பக்கம் வெயில், தலைக்குக் கட்டட நிழல். பத்து மணிக்கு, 10 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் 12 மீட்டர் அளவுக்கு விழும். நடைபாதை முழுக்க மூடிவிடும். உச்சி நெருங்க நெருங்க 3 மீட்டராகச் சுருங்கும். அதனால் கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தொப்பி கட்டாயம். மேற்கு ஓரத்தில் உட்கார்ந்தால் முழு நேரமும் முகத்தில் வெயில். படமும் சரியாக வராது.

ஃபிளாம்போவுக்கு இதை அப்படியே திருப்பிக்கொள்ளுங்கள். மாலை வெயில் மேற்கிலிருந்து வரும், மேற்கு ஓரத்தில்தான் நிழல்.

கிழக்கு-மேற்காகப் போகும் தெருவானால் தெற்கு ஓரம். தரைத்தளம் மட்டும் உள்ள கடைகள், கார் நிறுத்தும் வெட்டவெளி இவற்றின் முன்னால் உள்ள இருக்கைகளைத் தவிர்த்துவிடுங்கள். வரைபடத்தில் தெருக்காட்சி போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குடை விரிக்காதீர்கள். பின்வரிசையில் இருப்பவர் சண்டைக்கு வருவார், நியாயமும் அவர் பக்கம்தான். அகலத் தொப்பி, ஈரத் துண்டு ஒன்று, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம்.

---

தேர்முட்டி

இருக்கை பற்றி இன்னும் கொஞ்சம்.

டிக்கெட் இருக்கை இரண்டு தினுசு. ஒன்று தெருமட்டத்தில் வரிசையாகப் போடும் மடக்கு நாற்காலி, இன்னொன்று படிப்படியாக ஏறும் இரும்புக் காலரி. காலரியிலிருந்து காட்சி நன்றாகத் தெரியும், ஆனால் படியில் கைப்பிடி பல சமயம் ஓரத்தில் மட்டும்தான். அம்மாவுக்கு நாற்காலிதான். குழந்தை இருப்பதால் முதல் அல்லது இரண்டாம் வரிசை. மூன்றாவதுக்குப் பின்னால் போனால் 6 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் முதுகுதான் ஊர்வலம். சக்கர நாற்காலிக்கு இடம் வேண்டுமானால் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே கேட்டு உறுதி செய்யணும், அன்று போய்ச் சமாளிக்க முடியாது.

காசு கொடுக்காமலும் பார்க்கலாம். டிக்கெட் இருக்கை போடாத நடைபாதையில் சொந்த நாற்காலியோடு உட்காருவதுதான் ஊர்க்காரர்கள் வழக்கம். நல்ல இடம் வேண்டுமானால் விடியற்காலையில் போய்விடணும். ஆஸ்டினிலிருந்து வருகிறவருக்கு அது தோதுப்படாது.

அடுத்தது, பாதையில் எந்த இடம். மொத்தப் பாதை இரண்டரை மைலுக்குக் கொஞ்சம் மேல், வேகம் நடைவேகம். முதல் வண்டி தொடக்கத்திலிருந்து கடைசி முனைக்கு வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. நம்மூர்த் தேர் மூலை திரும்பும்போது ஊரே நின்று காத்திருக்குமே, அதே கதைதான். நீள வண்டி மூலையில் மெதுவாகத் திரும்பும், பேண்ட் வரிசை கலைந்து மறுபடி சேரும், முன்னால் இடைவெளி விழும், பின்னால் எல்லாம் நெருங்கி நிற்கும். ஒவ்வொரு மூலையிலும் இது கூடிக்கொண்டே போகும். கடைசி அரை மைலில் இருப்பவர்களுக்குப் பத்துப் பத்து நிமிஷம் வெறும் தெரு. பேண்ட் பிள்ளைகளும் அதற்குள் களைத்துப் போய் வாசிக்காமல் நடப்பார்கள். முதல் மூன்றில் ஒரு பங்குக்குள், நேர்த் தெருவில், மூலையிலிருந்து நூறு அடியாவது தள்ளி இடம் பாருங்கள்.

நகரத்தில் சாலை வேலை நடக்கும்போது பாதையை மாற்றுவார்கள். பழைய வலைப்பதிவில் உள்ள ‘பிராட்வேயில் உட்காருங்கள்’ போன்ற யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்த ஆண்டு வரைபடத்தைப் பாருங்கள்.

விழாவுக்காக ‘டச்சஸ்’ (கோமகள்) பட்டம் சூடிய பெண்கள் மணி வேலைப்பாடு செய்த பெரிய அங்கியோடு வண்டி மேல் வருவார்கள். கூட்டம் ‘ஷோ அஸ் யுவர் ஷூஸ்’ என்று கத்தும். அவர்கள் அங்கியைத் தூக்கிக் காலைக் காட்டுவார்கள். அத்தனை ஆடம்பரத்துக்குக் கீழே கவ்பாய் பூட்ஸோ பழைய கேன்வாஸ் ஷூவோ இருக்கும். மகளுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள், தொண்டை கிழியக் கத்துவாள்.

---

அரைப்படி

சாப்பாடு. இதைச் சரியாகத் தெரிந்துகொண்டு போகணும். பார்த்தால் சைவம் போலத் தெரிவது பலதும் சைவம் அல்ல.

மசித்த பீன்ஸ்: மரபாகப் பன்றிக்கொழுப்பில் தாளிப்பார்கள். அதற்குப் பெயர் மான்தேகா. சிவப்பு நிறச் சோறு: பெரும்பாலும் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்வது. தமாலே (சோள மாவுக்குள் பூரணம் வைத்து அவிப்பது): உள்ளே காய் வைத்திருந்தாலும் வெளி மாவில் மான்தேகா பிசைந்திருக்கும். மைதா டோர்ட்டியா (மெல்லிய ரொட்டி): சிலர் எண்ணெய், சிலர் மான்தேகா. சோள டோர்ட்டியா வெறும் சோளமும் சுண்ணாம்புத் தண்ணீரும்தான், அது பாதுகாப்பு. புன்யுவேலோ என்று சர்க்கரை தூவிய அப்பளம் மாதிரி ஒன்று விற்பார்கள். மாவில் முட்டை இருக்க வாய்ப்பு உண்டு.

கேட்கும் விதம் முக்கியம். ‘இது வெஜிடேரியனா’ என்று கேட்டால் ‘ஆமாம், இறைச்சி இல்லை’ என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, கொழுப்பை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘டியெனே மான்தேகா? கால்தோ தே போயோ?’ என்று ஸ்பானிஷில் பெயர் சொல்லிக் கேளுங்கள். முதலாவது பன்றிக்கொழுப்பு இருக்கா, இரண்டாவது கோழிச் சாறு இருக்கா.

தாராளமாகச் சாப்பிடக்கூடியவை: சுட்ட சோளம். தடவும் வெள்ளைக் குழம்பில் மயோனைஸ் (முட்டை) இருக்கும், ‘வெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் மட்டும்’ என்று சொல்லி வாங்கணும். பழக் கப்: மாம்பழம், வெள்ளரி, தர்ப்பூசணி மேல் மிளகாய், உப்பு, எலுமிச்சைப் பொடி. மெரினாவில் மாங்காய் தின்றவர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ராஸ்பா: சீவிய ஐஸில் சர்பத். அகுவா ஃப்ரெஸ்கா: பழச்சாறுத் தண்ணீர், சர்க்கரை தூக்கல். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இருந்தால் பாதி ஐஸ் கேளுங்கள்.

ஊர் முழுக்க மணக்கும் ‘சிக்கன் ஆன் எ ஸ்டிக்’ என்பது மாவில் தோய்த்துப் பொரித்த கோழி. அதே எண்ணெயில்தான் பெரும்பாலும் மற்றதும் பொரிப்பார்கள். ஆகவே பொரித்த எதையும் பெரியவர்களுக்கு வாங்க வேண்டாம் என்பது என் கட்சி.

புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம். தெருவோர ஊர்வலத்துக்குக் கொண்டுபோகலாம். தயிர்சாதத்துக்கு ஐஸ் பை இல்லாமல் நாலு மணி நேரம் ஓட்டாதீர்கள், அந்த வெயிலில் புளித்துவிடும். வேலி போட்டு நுழைவுச்சீட்டு வாங்கும் விழாக்களில் வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள்.

---

மஞ்சப்பை

கார் பற்றிக் கேட்டதற்குப் பதில் விட்டுப்போச்சு.

வெள்ளிக்கிழமை அந்த ஊரில் பல பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் விடுமுறை. எல்லோரும் நகர மையத்துக்குத்தான் வருவார்கள். தெருக்களை ஊர்வலத்துக்குப் பல மணி நேரம் முன்பே அடைத்துவிடுவார்கள். பாதைக்குள்ளே, அதாவது அடைத்த தெருக்களின் நடுவில் உள்ள வளாகத்தில் காரை விட்டால், கடைசி வண்டி போய்த் தெரு கூட்டும் வாகனங்களும் போன பிறகுதான் வெளியே எடுக்கலாம். ‘கிட்டே இருக்கிறதே’ என்று ஆசைப்பட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நகரப் பேருந்து நிறுவனமான வியா, ஃபியெஸ்டாவுக்கென்று ‘பார்க் அண்ட் ரைடு’ பேருந்து விடும். நகரத்துக்கு வெளியே காரை விட்டுவிட்டு அதில் போய்விடலாம். எந்தெந்த வளாகம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆஸ்டினிலிருந்து வருகிறவர்கள் வடகிழக்கு அல்லது வடக்குப் பக்க வளாகத்தைப் பிடித்தால் நகர மையத்துக்குள் காரை ஓட்டவே வேண்டாம். போகும் பேருந்து பிரச்சினை இல்லை. திரும்பும்போதுதான் வரிசை. ஊர்வலம் முடிந்ததும் எழாமல் முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரியுங்கள். அதற்குள் பாதிக் கூட்டம் கரைந்துவிடும்.

கழிப்பறை: பாதையோரம் தற்காலிகக் கூடுகள் வைப்பார்கள். ஊர்வலம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே பெரியவர்களை அழைத்துப்போய் வந்துவிடுங்கள். நடுவில் தெருவைக் கடக்க விடமாட்டார்கள், கூடு எதிர்ப்பக்கம் இருந்தால் கஷ்டம்.

---

கொத்தமல்லிக்கட்டு

எல்லோருக்கும் நன்றி. தெருவின் கிழக்குப் பக்கம் என்பதெல்லாம் எனக்குத் தோன்றியே இருக்காது. இரண்டு விஷயம் மிச்சம். காசு யாருக்குப் போகிறது, வரியில் கழிக்க முடியுமா? அப்புறம், மகள் பள்ளியில் யாரோ முட்டை ஓட்டை மண்டையில் உடைப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அது என்ன?

---

கணக்குப்பிள்ளை

காசு விவகாரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஃபியெஸ்டா என்பது ஒரே உண்டியல் இல்லை. ஃபியெஸ்டா கமிஷன் என்ற லாபநோக்கமற்ற அமைப்பு ஒருங்கிணைக்கிறது. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தனித்தனி அமைப்பு நடத்தி, வரும் பணத்தைத் தன் காரியத்துக்கு எடுத்துக்கொள்கிறது. எந்த டிக்கெட் வாங்குகிறீர்களோ அந்தத் தர்மத்துக்குத்தான் உங்கள் காசு.

சில உதாரணம். நையோசா என்று சுருக்கமாகச் சொல்லும் ‘எ நைட் இன் ஓல்ட் சான் அன்டோனியோ’, செவ்வாய் முதல் வெள்ளி வரை நாலு இரவு, லா வில்லிட்டா பேட்டையில். 1924-ல் தொடங்கிய சான் அன்டோனியோ கன்சர்வேஷன் சொசைட்டி நடத்துகிறது, பணம் பழைய கட்டடங்களைக் காப்பாற்ற. (கல் பாவிய சந்து, தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். உங்கள் பெற்றோருக்கு வேண்டாம். போயே ஆகணும் என்றால் செவ்வாய்.) ஆற்று ஊர்வலத்தின் பணம் குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனங்களுக்கு. முதல் வார இறுதியில் செயின்ட் மேரீஸ் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்ஸ்டர் பேக், 1916-லிருந்து, மாணவர் உதவித்தொகைக்கு. கார்னியேஷன் என்ற நையாண்டி நாடகத்தின் பணம் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு உதவும் அமைப்புகளுக்கும் போகிறது. அது பெரியவர்களுக்கான நகைச்சுவை, பிள்ளையோடு போகாதீர்கள்.

எனக்குப் பிடித்தது ரே ஃபேயோ. ‘அசிங்க ராஜா’ என்று பொருள். மேட்டுக்குடி அமைப்பு தேர்ந்தெடுக்கும் கிங் அந்தோனியோவுக்கு எதிராக, 1947-ல் மெக்சிக வம்சாவளியினரின் லுலாக் அமைப்பு நிறுத்திய மக்கள் ராஜா. கல்வி உதவித்தொகைக்கு யார் அதிகம் திரட்டுகிறாரோ அவருக்குத்தான் கிரீடம். 1980-ல்தான் விழாவில் முறைப்படி இடம் கிடைத்தது. இரண்டு ராஜாவும் ஊர்வலத்தில் வருவார்கள். அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொல்லி வையுங்கள், பார்க்கும்போது சுவை கூடும்.

வரி: டிக்கெட் விலை முழுவதையும் கழிக்க முடியாது. பதிலுக்கு உங்களுக்குக் கிடைத்ததன் சந்தை மதிப்பைக் கழித்து மீதிதான் நன்கொடை. ஊர்வல நாற்காலி 30 டாலர், அதன் மதிப்பும் 30 டாலர் என்றால் நன்கொடை பூஜ்யம். 75 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஏதாவது தந்தால், அதன் மதிப்பு எவ்வளவு என்று அமைப்பே எழுத்தில் தரணும். அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பரிசுச்சீட்டு வாங்கிய காசு எந்தக் காலத்திலும் நன்கொடை ஆகாது. நேரடியாகச் செலுத்திய பணம் 250 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் ரசீது கட்டாயம். விலக்குகளைத் தனித்தனியாகக் காட்டாதவர்களும் 2026 வரி ஆண்டிலிருந்து ரொக்க நன்கொடையில் தனிநபர் 1,000, தம்பதி 2,000 டாலர் வரை கழிக்கலாம். தன்னார்வலராகப் போனால் உங்கள் நேரத்துக்கு மதிப்பு போட முடியாது, கார் ஓட்டியதற்கு மைலுக்கு 14 சென்ட் உண்டு.

மெடல் மோகம் ஒன்று இருக்கிறது, தெரிந்து வையுங்கள். நாடாவில் தொங்கும் வண்ணப் பதக்கம், ஒவ்வோர் அமைப்பும் ஆண்டுதோறும் புதிதாக அடிக்கும். அரைக்கச்சை மாதிரி குறுக்கே போட்டு, வேட்டைக்காரன் புலிப்பல் கட்டியதுபோல் ஐம்பது அறுபது குத்திக்கொண்டு திரிவார்கள். பெரும்பாலும் 10 டாலருக்கு மேல். எல்லா மெடலும் தர்மத்துக்கு அல்ல. கடைகள், மருத்துவமனைகள், வக்கீல்கள்கூடத் தங்கள் விளம்பரத்துக்கு அடிக்கிறார்கள். ‘இந்தக் காசு எந்த அமைப்புக்கு’ என்று கேட்டால் விற்பவர் தயங்காமல் பெயர் சொல்லணும். மாற்றிக்கொள்வதும் வழக்கம். ‘ட்ரேட் பண்ணுவீங்களா’ என்று கேட்கலாம், ‘அது வேணும்’ என்று கேட்பது மரியாதை இல்லை.

---

சீமாட்டி_1962

கணக்குப்பிள்ளை சார், எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கானது) இருப்பவர்கள் தன்னார்வலராகப் போகலாமா?

---

கணக்குப்பிள்ளை

போகலாம் அம்மா. மூன்று நிபந்தனை. அமைப்பு லாபநோக்கமற்றதாக இருக்கணும், அந்த வேலையை வழக்கமாகவே சம்பளமில்லாமல்தான் செய்வார்கள் என்று இருக்கணும், பதிலுக்குப் பணமோ பணம் போன்ற எதுவுமோ வாங்கக்கூடாது. மெடல் விற்கும் மேசை, வழிகாட்டுவது எல்லாம் சரி. தனியார் உணவுக்கடைக்காரருக்கு ‘உதவியாக’ நிற்பது கூடாது.

---

தேர்முட்டி

முட்டை ஓட்டுக்கு நான். அதன் பெயர் கஸ்கரோன். காலி முட்டை ஓட்டுக்குள் வண்ணக் காகிதத் துகள், வாயில் மெல்லிய காகிதம் ஒட்டியிருக்கும். தெருவில் டஜன் கணக்கில் விற்பார்கள். முட்டை சேர்க்காத வீடானால் வாங்கிக்கொள்வதே நல்லது. வீட்டில் செய்வதானால்:

முட்டையின் ஒரு முனையில் நாணயம் அளவுக்குத் துளை போட்டு உள்ளிருப்பதை வடித்துவிடணும். உடனே வெந்நீரில் அலசி, கொஞ்சம் வினிகர் விட்ட வெந்நீரில் ஊறவைக்கணும். உள்சவ்வில் ஒட்டிய வெள்ளைக்கரு காய்ந்தால் நாற்றம் பிடிக்கும். கிருமியும் அங்கேதான். அட்டைத் தட்டில் கவிழ்த்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு சாயம் போட்டு மறுபடி காயவிடணும். உள்ளே இரண்டு மேசைக்கரண்டித் துகள் போதும். நிறைய அடைத்தால் கட்டியாகி மண்டையில் கல் மாதிரி விழும், பறக்காது. ஓட்டின் விளிம்பில் மட்டும் பசை தடவி, 5 செ.மீ. சதுரக் காகிதத்தை ஒட்டணும். பசை தண்ணியாக இருந்தால் காகிதம் தொய்ந்து கிழியும். மினுமினுப்புத் தூள் போடவே வேண்டாம், கண்ணில் விழுந்தால் உறுத்தும்.

உடைக்கும் முறைதான் முக்கியம். தலையில் அடிக்கக்கூடாது, எறியவும் கூடாது. தலைக்கு மேல் உள்ளங்கையில் வைத்து நசுக்கித் தூவணும். கண்ணாடி போட்டவர், கைக்குழந்தை, குதிரைப் போலீஸ் பக்கம் வேண்டாம். தெரியாதவர் தலையில் உடைக்குமுன் கண்ணால் சம்மதம் கேட்பது நாகரிகம். வீட்டுக்கு வந்ததும் மகளின் தலையை நனைக்காமல் முதலில் சீப்பால் உதறிவிடுங்கள். ஈரம் பட்டால் காகிதச் சாயம் தலையிலும் துண்டிலும் ஏறும். காரில் உட்காருமுன் உதறுவது இன்னும் நல்லது. அடுத்த தீபாவளி வரை சீட் இடுக்கில் வந்துகொண்டே இருக்கும்.

---

கொத்தமல்லிக்கட்டு

முடிவு: வெள்ளி, பேட்டில் ஆஃப் ஃபிளவர்ஸ், கிழக்கு ஓர நாற்காலி, இரண்டாம் வரிசை, புளியோதரை. முந்தின நாள் வியாழன் மாலையே போய்த் தங்கலாமா என்று இவர் கேட்கிறார். வியாழன் மாலை அம்மாவால் முடிகிற மாதிரி ஏதாவது உண்டா? வெள்ளியன்று இடி மழை வந்தால் என்ன ஆகும்?

---

ராத்திரிரயில்

வியாழன் மாலை அலமோ ஸ்டேடியத்தில் பேண்ட் விழா. அதே பேட்டில் ஆஃப் ஃபிளவர்ஸ் அமைப்புதான், 1930-களிலிருந்து. மறுநாள் ஊர்வலத்தில் வரும் பள்ளிக்கூடப் பேண்டுகள் பல அங்கே வரிசை கட்டி வாசிக்கும். நெரிசல் கம்மி. ஸ்டேடியம் கல்லுப் படிக்கட்டு, ஆகவே நுழைவாயில் மட்டத்தில் இருக்கிற வரிசை எது என்று கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள், கீழே இறங்க வேண்டாம். சாய்வு இல்லாத இருக்கை, அம்மாவுக்கு முதுகுச் சாய்வு மடக்கு இருக்கை அனுமதிப்பார்களா என்றும் பாருங்கள்.

மழைக்கு ஊர்வலம் பொதுவாக நிற்காது. மின்னல் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள், தாமதமாகும். டிக்கெட் காசு திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம். குடைக்குப் பதில் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு, நாற்காலியைத் துடைக்க ஒரு பழைய துண்டு. ஹோட்டலை இப்போதே பதிவு செய்யுங்கள். ஊர்வலப் பாதையிலிருந்து அம்மா நடக்கக்கூடிய தூரத்தில், ஆனால் அடைக்கும் தெருக்களுக்கு வெளியே. காரை அங்கேயே விட்டுவிடலாம், பேருந்தே வேண்டாம்.